வாசகர் கேள்வி – பதில்: காதில் ஹெட்செட், பின்னால் சத்தமில்லாத வாகனம்

வீதிப் பாதுகாப்புப் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். திருகோணமலையிலிருந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, காதில் ஹெட்செட்டுடன் நடப்பவர்களையும் ஓசையின்றி நெருங்கும் வாகனங்களையும் பற்றியவையாக இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அந்த விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். இடம் கருதிக் கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகள் உயர்தர வகுப்பு மாணவி. மாலையில் தனியார் வகுப்பு முடிந்து, இயர்போனில் பாட்டுக் கேட்டபடி ஒழுங்கை வழியே நடந்து வருவாள். அண்மையில் ஒரு வீட்டுப் படலையிலிருந்து பின்னோக்கி வந்த ஹைபிரிட் கார் அவளுடைய புத்தகப் பையை உரசிக்கொண்டு நின்றது. நான் ஏசியபோது, "சத்தம் வராத காரைச் செய்தவர்களை ஏசுங்கள்" என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசத் தொடங்கினால், மீதியையும் அவள் காதுகொடுத்துக் கேட்பாள்.

ஹைபிரிட் கார் புறப்படும்போதும், மெதுவாக ஊரும்போதும், பின்னோக்கி வரும்போதும் பெரும்பாலும் பெற்றோல் இயந்திரம் நின்றிருக்க, மின்மோட்டார் மட்டுமே சில்லுகளைச் சுழற்றுகிறது. வேகம் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டால் ரயர் தாரில் உருளும் இரைச்சலே எந்தக் காரையும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பின் பெற்றோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் காதளவில் பெரிய வேறுபாடு இராது. ஆகவே இந்த வாகனங்களுக்கே உரிய ஆபத்து, நாம் அஞ்சி நடக்கும் கண்டி வீதியில் இருப்பதைவிட, அச்சமின்றி நடக்கும் ஒழுங்கையிலும் படலையடியிலும் கடைவாசல் தரிப்பிடத்திலுமே கூடுதலாக இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: வேகத்தைக் குறைத்தல், பின்னோக்கி வருதல், தரிப்பிடத்துக்குள் நுழைதல், அங்கிருந்து வெளியேறுதல் ஆகிய மெதுவான அசைவுகளின்போது, பாதசாரியுடன் மோதும் வாய்ப்பு சாதாரணக் கார்களைவிட ஹைபிரிட் கார்களுக்கு இரு மடங்காக இருந்தது. பிரித்தானியாவின் 2013 முதல் 2017 வரையான விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2024 இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வும், வாகனங்கள் ஓடிய தூரத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ அதே இரு மடங்கையே கண்டது.

இந்தக் குறையைக் கார் செய்பவர்களும் சட்டம் செய்பவர்களும் அறிந்தே இருக்கிறார்கள். ஜப்பான் 2010 இலேயே, மெதுவாக ஓடும்போது இத்தகைய வாகனங்கள் எழுப்ப வேண்டிய எச்சரிக்கை ஒலிக்கான வழிகாட்டல்களை வெளியிட்டது. ஐக்கிய நாடுகளின் 138 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2016 இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம், புதிய மாதிரிகளுக்கு 2019 யூலை முதலாம் திகதியிலிருந்தும், புதிதாகப் பதிவாகும் எல்லா மின்சார, ஹைபிரிட் கார்களுக்கும் 2021 யூலை முதலாம் திகதியிலிருந்தும் எச்சரிக்கை ஒலியைக் கட்டாயமாக்கியது. ஐக்கிய நாடுகளின் அந்த ஒழுங்குவிதியின்படி, கார் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் வரும்போது ஆகக் குறைந்தது 50 டெசிபல், 20 கிலோமீற்றர் வேகத்தில் 56 டெசிபல், பின்னோக்கி வரும்போது 47 டெசிபல் ஒலி வெளியே கேட்க வேண்டும். ஆனால் எங்கள் ஒழுங்கைகளில் ஓடும் ஹைபிரிட் கார்களுள் பல, ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடியபின் இங்கே இறக்கப்பட்டவை. இந்த விதிகள் நடைமுறைக்கு வருவதற்கு முன்னரே செய்யப்பட்டவையும் அவற்றுள் உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டொயோட்டா பிரியஸ் போன்ற சில கார்களில் றிவேர்ஸ் கியரைப் போட்டவுடன் "பீப், பீப்" என்று ஒலிப்பது காருக்குள்ளேதான். அது சாரதிக்கு மட்டும் கேட்கும் ஒலி. அதைக் கேட்டுக்கொண்டு பின்னோக்கி வரும் சாரதி, தெருவில் நிற்பவருக்கும் அது கேட்கும் என்று நம்பிவிடுகிறார்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருவோம். கார் புத்தம் புதியதாகவே இருந்து, விதிப்படி 47 டெசிபல் ஒலியை எழுப்பியிருந்தாலும், அது தாழ்ந்த குரலில் இருவர் பேசும் ஒலியைவிடப் பெரிதாக இராது. காதை அடைத்த இயர்போனில் பாட்டு 75 அல்லது 80 டெசிபலில் ஒலிக்கும்போது அந்தச் சிற்றொலி அடியோடு மூழ்கிவிடும். போதாக்குறைக்கு, தாழ்ந்த சுருதியில் அதிரும் ஒலி தன்னைவிட உயர்ந்த சுருதியிலுள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும் இயல்புடையது. இக்காலப் பாட்டுகளின் அடித்தாளம் செய்வது அதைத்தான். கார் செய்பவர் தன் கடமையைச் செய்திருந்தாலும் உங்கள் மகளுக்கு அது கேட்டிருக்காது.

அவளிடம் இயர்போனையே பறித்துவிட வேண்டாம். பறித்தால் பைக்குள் இன்னொன்று இருக்கும். பெருவீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பும் இடத்தில் பாட்டை நிறுத்திக் காதைத் திறந்துவிடும் பழக்கம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். உவர்மலை போன்ற இடங்களில் மதில்கள் தெரு விளிம்புவரை வந்துவிடுவதால், படலை திறந்திருப்பதே கண்ணுக்குக் கிடைக்கும் முதல் அறிகுறி. இருட்டிய பிறகு, பின்னால் எரியும் வெள்ளை விளக்கு இரண்டாவது. புகையோ இயந்திரத்தின் உறுமலோ வரும் என்று இனிமேல் காத்திருக்க முடியாது. அந்தக் கார்க்காரரிடமும் மரியாதையாக ஒன்று சொல்லலாம்: வீட்டுக்கு வரும்போதே காரைப் பின்னோக்கி உள்ளே விட்டு, முகப்பு தெருவைப் பார்த்தபடி நிறுத்தினால், மறுநாள் வெளியே வரும்போது அவர் தெருவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வரலாம்.

கேள்வி: ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறேன். இரவு வேலை முடிந்து நிலாவெளி வீதியோரமாக நடந்துதான் வீட்டுக்கு வருவேன். என்னிடம் இருப்பது வெளி இரைச்சலை நீக்கும் இயர்பட். அதிலேயே வெளியொலியை உள்ளே விடும் வசதியும் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் போதுமா, அல்லது ஒரு காதில் மட்டும் போடுவதா? எலும்பு வழியே கேட்கும் ஹெட்போன் நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள்.
– ஓர் இளைஞர், அலஸ்தோட்டம்

பதில்: இரைச்சலை நீக்கும் வசதி வேலை செய்யும் விதத்தை அறிந்தால் விடை பெரும்பாலும் தானே கிடைத்துவிடும். இயர்பட்டில் உள்ள நுண்ணிய மைக் வெளியொலியைப் பிடிக்க, கருவி அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்கிறது. சீராகத் தொடரும் தாழ்ந்த ஒலிகளில்தான் இது மிக நன்றாக வேலை செய்யும். வாகன இயந்திரத்தின் உறுமலும் ரயர் உருளும் இரைச்சலும் அந்த வகையைச் சேர்ந்தவை. மிஞ்சும் உயர்ந்த சுருதி ஒலிகளை, அதாவது சைக்கிள் மணியையும் மனிதக் குரலையும் மின்சாரக் காரின் எச்சரிக்கை ஒலியையும், காதுத் துவாரத்தை இறுக்கி அடைக்கும் சிலிக்கோன் முனை குறைத்துவிடுகிறது. விமானத்திலும் பஸ்ஸிலும் உட்கார்ந்திருப்பவருக்கு அருமையான வசதி இது. வீதியில் நடப்பவர் அதை அணைத்தே வைத்திருக்க வேண்டும்.

வெளியொலியை உள்ளே விடும் வசதி அதைவிடப் பன்மடங்கு மேலானது. ஆனால் நீங்கள் நடப்பது கடலோர ஊரில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தக் காற்று மைக்கில் நேரடியாக மோதி, கருவிக்குள் ஒரு தனி இரைச்சலை உண்டாக்கும். அப்போது திறந்திருப்பதாக நீங்கள் எண்ணும் காது உண்மையில் காற்றை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும். அத்தகைய இரவுகளில் இயர்பட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவதே நல்லது.

ஒரு காதில் மட்டும் போடுவதில் உள்ள சிக்கல் வேறு. பிரெட்றிக் கோட்டைக்குள் மேயும் மான்களைப் பார்த்திருப்பீர்கள். அவை தலையை நிமிர்த்தாமலே ஒரு காதை மட்டும் ஒலி வந்த பக்கம் திருப்பிவிடும். நம் காது திரும்பாது. ஆகவே ஒலி ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் ஒப்பிட்டே மூளை திசையை அறிகிறது. அந்த நேர வித்தியாசம் மிகக் கூடினாலும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஒரு காதை அடைத்துவிட்டால், ஏதோ வருகிறது என்பது தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியாது. திடுக்கிட்டுத் திரும்புபவர் வாகனம் வரும் பக்கமே கால் வைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டையும் அடைப்பதைவிட ஒன்றை அடைப்பது நல்லது என்பது உண்மைதான். பாதிப் பாதுகாப்பை முழுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எலும்பு வழி ஹெட்போன் கன்ன எலும்பின் மேல் பதிந்திருந்து, காதுத் துவாரத்தைத் திறந்தே விடுகிறது. நடந்து போகிறவருக்கு ஏதாவது ஒன்று வேண்டுமென்றால் நான் சொல்வது அதைத்தான். ஆனாலும் காது திறந்திருப்பது போதாது. கவனமும் திறந்திருக்க வேண்டும். பாட்டை மூளை பின்னணிக்குத் தள்ளிவிடக்கூடும். தொலைபேசியில் ஒருவர் கேள்வி கேட்கும்போது அப்படித் தள்ள முடியாது. வீட்டிலிருந்து அம்மா அழைத்து "எங்கே நிற்கிறாய்" என்று கேட்டால், வீதியை விட்டு விலகி நின்று பதில் சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள்.

ஒலியளவுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கை எட்டும் தூரத்தில் நிற்பவர் சாதாரணக் குரலில் பேசுவது உங்களுக்குப் புரியவில்லையென்றால், ஒலி கூடிவிட்டது என்று பொருள். வீதியை விட்டுக் காதின் நலனை மட்டும் எண்ணினாலும், வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஹோட்டல் வேலையின் இரைச்சலையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாலையில் உட்துறைமுக வீதியில் உடற்பயிற்சிக்காக நடப்பவர்கள் பலர் ஹெட்செட் போட்டிருக்கிறார்கள். நடைபாதை இல்லாத இடத்தில் எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்பதையாவது எழுதுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், திருகோணமலை நகரம்

பதில்: எங்கள் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால், நடைபாதை இல்லாத வீதியில் வலது ஓரமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும், ஐயா. முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் காதால் மட்டுமே அறிய முடியும். காதை மூடிக்கொள்பவர், அருகே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தையாவது தேர்ந்துகொள்வது முறை. பிழையான பக்கமாக, நம் பின்னாலிருந்து மிதித்து வரும் சைக்கிள்காரர்களிடமிருந்து இந்த விதி நம்மைக் காக்காது. எந்த மின்சாரக் காருக்கும் முன்னரே ஓசையின்றி நம்மை நெருங்கப் பழகிய வாகனம் சைக்கிள். வளைவுகளிலும் இருட்டிலும் ஒருவர் பின் ஒருவராக நடப்பதும், வெளிர்நிற உடை அணிவதும் உதவும்.

கேள்வி: மின்சார ஓட்டோ ஒன்று ஓட்டுகிறேன். மத்திய வீதியில் சாமான் வாங்க வருபவர்கள் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு வீதியின் நடுவே நடக்கிறார்கள். ஹோர்ன் அடித்தால் விலகுவதில்லை. கிட்டப் போய் அடித்தால் துள்ளி விழுந்து என்னை ஏசுகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஓட்டோச் சாரதி ஒருவர், மட்டிக்களி

பதில்: உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறேன்; ஆனால் கிட்டப் போய் ஹோர்ன் அடிப்பதை விட்டுவிடுங்கள். ஹெட்போன் அணிந்திருந்தபோது வாகனத்திலோ ரயிலிலோ மோதுண்ட 116 பாதசாரிகளைப் பற்றி, மேரிலான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை நிகழ்ந்தவை அவை. அவர்கள் பார்த்த பதிவுகளில் 29 வீதமானவற்றில், மோதுவதற்கு முன் ஹோர்னோ வேறு எச்சரிக்கையோ ஒலித்ததாகத் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. ஒலித்தும் பயனில்லாமல் போன சம்பவங்கள் அவை. உங்கள் ஹோர்ன் அவருக்குக் கேட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் வேகத்தைக் குறைக்காமல் போவதைவிட ஆபத்தானது வேறில்லை.

இருபது மீற்றர் தூரத்திலேயே ஒருமுறை மெதுவாக அடியுங்கள். அவர் தலையைத் திருப்பாவிட்டால் அவருக்குக் கேட்கவில்லை என்று முடிவுசெய்து, நடை வேகத்துக்குக் குறைத்து, போதிய இடைவெளி இருந்தால் மட்டும் விலகிச் செல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னாலேயே போங்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம் என்பது நொடிக்கு எட்டு மீற்றருக்கும் கூடிய தூரம்; நீங்கள் கண்டு, காலை வைத்து, பிறேக் பிடிக்கத் தொடங்கும்போதே அந்த எட்டு மீற்றர் கழிந்துவிடும். மெதுவாக ஓடும்போது வண்டி தானே எழுப்பும் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் பொத்தான் உங்கள் வண்டியில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கோணேசர் கோயில் இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க இயந்திரத்தை நிறுத்திவிட்டு உருண்டு வரும் சாதாரண ஓட்டோக்காரர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்: அந்தச் சில நிமிடங்களுக்கு அவர்களுடைய வண்டியும் உங்களுடையதைப் போன்றதுதான், எதிரே ஏறி வருபவர்கள் பூசைத் தட்டுடன் வரும் முதியவர்கள்.

பெற்றோல் ஓட்டோவின் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுப் பழகிய ஊர் இது. காது அந்த ஓசையையே தேடிக்கொண்டிருப்பதால், ஹெட்செட் போடாதவரும் உங்கள் வண்டியைத் தவறவிடுவார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் நண்பர்களும் ரயில் பாதையோரமாக நடந்துதான் மைதானத்துக்குப் போவோம். ரயில் பெரிய சத்தம் போடும் வாகனம்தானே, ஹெட்போன் போட்டிருந்தாலும் அதிர்வு தெரியாதா?
– ஒரு மாணவர், தம்பலகாமம்

பதில்: தெரியாது தம்பி. மேலே சொன்ன 116 சம்பவங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் மோதிய வாகனம் ரயில்தான். முன்னோக்கி வரும் ரயிலின் ஓசை, பக்கத்தில் நின்று கேட்கும்போது இருப்பதைவிட, நேர்முன்னே நடப்பவருக்குத் தாமதமாகவும் தாழ்வாகவும் கேட்கும். சாரதி உங்களைக் கண்டு பிறேக் போட்டாலும், நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடிய பின்னரே ரயில் நிற்கும்; அது விலகிப் போகவும் முடியாது. கல்லோயாவிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக வரும் எங்கள் பாதையில் ரயில்கள் குறைவு என்பதுதான் உங்களை ஏமாற்றுகிறது. அட்டவணையில் இல்லாத சரக்கு ரயிலும் பராமரிப்பு வண்டியும் எந்நேரமும் வரலாம். ரயில் பாதையில் நடப்பது சட்டப்படியும் குற்றம். வேறு வழியாகப் போங்கள். கடவையில் குறுக்கே கடக்கும்போது ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி, நின்று, இரு பக்கமும் பாருங்கள்.

கேள்வி: என் அண்ணாவுக்குப் பார்வை இல்லை. வெள்ளைப் பிரம்புடன் தனியே நடந்து வேலைக்குப் போகிறவர். கைத்தொலைபேசி வழிசொல்லும் குரலை ஒரு காதில் இயர்போன் போட்டுக் கேட்பார். மின்சார வாகனங்கள் கூடக்கூட அவருக்குப் பயம் கூடுகிறது. அவர் என்ன செய்யலாம்?
– ஒரு சகோதரி, பாலையூற்று

பதில்: இந்த விடயத்தில் உலகம் கண்விழித்ததே உங்கள் அண்ணாவைப் போன்றவர்களால்தான். அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு விடாமல் வற்புறுத்தியதன் பயனாக, பாதசாரிகள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் 2011 சனவரியில் கையொப்பமிடப்பட்டது. அதன் கீழான விதி 2016 இறுதியில் வெளியாகி, மணிக்கு 30 கிலோமீற்றர் வரை எச்சரிக்கை ஒலியைக் கட்டாயமாக்கியது. மற்றவர்களுக்கு ஹெட்செட் ஒரு விருப்பம்; அவருக்கோ காதே கண் என்பதால், அந்தக் காதில் எதை வைப்பது என்பதை அளந்தே முடிவுசெய்ய வேண்டும்.

வழிசொல்லும் குரலுக்கு எலும்பு வழி ஹெட்போன் மிகப் பொருத்தமானது. அதன் விலை கட்டுப்படியாகாவிட்டால், தொலைபேசியைச் சட்டைப் பையில் மேல்நோக்கி வைத்து, ஒலிபெருக்கியில் தாழ்வாகக் கேட்கலாம்; பாதை பழகிய பின் அந்தக் குரல் திருப்பங்களில் மட்டும் போதும். கடக்கும் இடத்துக்கு வந்தவுடன் குரலை முற்றாக நிறுத்திவிட வேண்டும்.

அவர் கவனிக்க வேண்டிய மற்றொன்று, இரைச்சல் போடும் வாகனமே சத்தமில்லாத வாகனத்தை மறைத்துவிடுகிறது என்பது. அனுராதபுரச் சந்தியில் இயந்திரத்தை நிறுத்தாமல் பஸ் நிற்கும்போது, அதன் உறுமலுக்குள் மெதுவாக வரும் ஹைபிரிட் கார் முற்றாக மறைந்துபோகும். கூர்மையான காதுக்கும் அது பிடிபடாது. பஸ் புறப்பட்டுத் தூரமாகும்வரை காத்திருப்பதும், அதற்கு முன் கடக்க நேர்ந்தால் பக்கத்தில் நிற்பவரின் கையைக் கேட்டு வாங்குவதும் அவருடைய திறமைக்குக் குறைவாகாது. மழைநாளில் நனைந்த தாரில் ரயர் இரைச்சல் கூடுவதால் வேகமாக வரும் வாகனம் நன்றாகவே கேட்கும். ஆனால் மெதுவாகத் திரும்பும் வாகனத்தை, குடையில் விழும் மழையின் ஒலி மூடிவிடும். மாரி மாதங்களில் குடைக்குப் பதிலாக, காதை மூடாத தொப்பியுடன் கூடிய மழையங்கி அவருக்கு வசதியாக இருக்கும். பிரம்பு பிடிக்காத கையும் அப்போது ஓய்வாக இருக்கும்.